ஆப்பு யாருக்கு?

'ஆப்பு' என்றதும் இன்றைக்குத் தமிழ்கூறும் நல்லுலகத்துக்கு ஞாபகம் வருவது ஒன்றுதான்: அடுத்தவனுக்கு வைப்பது. பரீட்சையில் வாத்தியார் வைப்பார். ஆபீசில் மேனேஜர் வைப்பார். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மக்களும் வைப்பார்கள். கொஞ்சம் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பஞ்சதந்திரக் குரங்கும் ஞாபகம் வரும். பாதி பிளந்த மரத்தில் தச்சர் சொருகிவிட்டுப் போன ஆப்பை ஆட்டி ஆட்டிப் பிடுங்கி, மரத்துக்குள் மாட்டிச் செத்துப்போன குரங்கு. 'ஆப்பசைத்த குரங்கு' என்று பழமொழியே இருக்கிறது.

ஆனால் ஆப்புக்கு இன்னொரு வேலை உண்டு. உயிரைக் காப்பாற்றுவது. அதைத்தான் யாரும் பேசுவதில்லை.

தூத்துக்குடியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் ஒரு பெரிய மரத்தை எப்படிச் சாய்க்கிறார்கள் என்று தெருவில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு கோடாலி, ஒரு செயின் ஷா, ஒரு வடம், நாலு ஆள். வடம் இழுக்க ஆள் போதாவிட்டால் வேடிக்கை பார்க்கிறவர்களும் ஒரு கை பிடிப்பார்கள். மரம் வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தால் ஜேசிபி வரும். அது வராவிட்டால் லாரியிலிருந்து கழற்றிய பாட்டில் ஜாக்கி வரும். தலையில் ஒரு துண்டு, காலில் ஒரு ரப்பர் செருப்பு. ஆப்பு? அது விறகுக் கடையில் கிடக்கும்.

கோடாலியும் ரம்பமும் மரத்தை அறுக்க மட்டும்தான் செய்யும். எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று மரத்துக்குச் சொல்வது ஆப்பு. மரம் ரொம்பப் பெரியதாக இருந்தால் ஆப்போடு சேர்ந்து ஜாக்கி. இந்த இரண்டையும் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், "அனுபவம் இருக்குல்ல, பாத்துக்கிடலாம்" என்று பெரிய மரத்தை வெட்டச் சொல்கிற ஒவ்வொருவரும், அது வீட்டு ஓனராக இருக்கட்டும், காண்ட்ராக்டராக இருக்கட்டும், டெண்டர் விடுகிற அலுவலகமாக இருக்கட்டும், அந்தத் தொழிலாளிக்குத்தான் ஆப்பு வைக்கிறார்கள். விஷயம் இவ்வளவுதான். கீழே உள்ளதெல்லாம் அதற்கான கணக்கு.

மரம் எப்படி விழுகிறது?

ஒரே பக்கமாக அறுத்துக்கொண்டே போனால் மரம் விழுந்துவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். விழும். எங்கே என்பதுதான் கேள்வி. மரம் பின்னால் உட்கார்ந்து ரம்பத்தைக் கவ்விக்கொள்ளலாம். அறுக்கிறவர் பக்கமே திரும்பலாம். முன்பக்கம் நன்றாகச் சாய்ந்த மரமாக இருந்தால் இன்னும் மோசம். அறுப்பு முடிவதற்கு முன்பே அடிமரம் நெடுக்காகப் பிளந்து, பிளந்த பாதி பின்பக்கம் எகிறி அறுக்கிறவர் நெஞ்சில் அடிக்கும். ஓடுவதற்கு நேரமே இருக்காது.

சரியான முறை உலகம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். விழ வேண்டிய பக்கத்தில் முதலில் ஒரு 'வாய்' வெட்ட வேண்டும். அடிமரத்தின் விட்டத்தில் கால் பங்கு ஆழம் போதும். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து, வாயின் உள்மூலையைவிடச் சற்று உயரத்தில், பின்வெட்டு. இரண்டு வெட்டும் சந்திக்கவே கூடாது. நடுவில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அகலத்துக்கு ஒரு பட்டை மரத்தை அறுக்காமல் விட வேண்டும். கதவுக்குக் கீல் எப்படியோ மரத்துக்கு அந்தப் பட்டை அப்படி. கதவு கீல் இருக்கும் பக்கம்தான் திரும்பும். மரமும் அப்படித்தான். "இன்னும் கொஞ்சம் அறுத்தா விழுந்திரும்" என்று அந்தக் கீலையும் அறுத்துவிட்டால், அதற்குப் பிறகு மரம் எங்கே போகும் என்பது அறுத்தவர் கையில் இல்லை. காற்றின் கையில்தான்.

இந்தப் பின்வெட்டில்தான் ஆப்பு வருகிறது. ரம்பத்தின் பிளேடுக்குப் பின்னால் இடம் கிடைத்த உடனேயே ஆப்பைச் சொருகிவிட வேண்டும். முழுக்க அறுத்துவிட்டு அப்புறம் தேடக்கூடாது. மரம் பின்னால் உட்காராமல் அது தாங்கும். பிறகு சம்மட்டியால் தட்டத் தட்ட மரத்தை முன்னால் தூக்கும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. விறகுக்கடை ஆப்பு வேறு, இது வேறு. விறகுக்கடை ஆப்பு இரும்பு. குட்டையாக, தடியாக இருக்கும். அதன் வேலை பிளப்பது. சாய்க்கிற ஆப்பு மெல்லியதாக, நீளமாக இருக்க வேண்டும். அதன் வேலை தூக்குவது. செயின் ஷா ஓடும் வெட்டுக்குள் இரும்பு ஆப்பை வைக்கவே கூடாது. சங்கிலி அதில் பட்டால் பல் உடைந்து தெறிக்கும். அதனால்தான் பிளாஸ்டிக், அலுமினியம் அல்லது உறுதியான மரத்தில் செய்த ஆப்புகளைப் பயன்படுத்துகிறார்கள்.

வணிகவியல் படிக்கிறவர்களுக்கும் புரிகிற மாதிரி ஒரு கணக்கு. 50 அடி உயர மரம் என்று வையுங்கள். அடிமரம் 30 அங்குல விட்டம். வாய்க்கு ஏழரை அங்குலம், கீலுக்கு மூன்று அங்குலம் போனால், கீலிலிருந்து பின்பக்க விளிம்புவரை ஏறக்குறைய 20 அங்குலம் மிஞ்சும். மரத்தின் உயரம் 600 அங்குலம். 600-ஐ 20-ஆல் வகுத்தால் 30. அதாவது பின்பக்கத்தில் ஆப்பு ஒரே ஒரு அங்குலம் தூக்கினால் மரத்தின் உச்சி 30 அங்குலம், இரண்டரை அடி, முன்னால் நகரும். ஐந்து அடி பின்னால் சாய்ந்திருக்கிற உச்சியை நேராக்க இரண்டு அங்குலம் தூக்கினால் போதும்.

நாலு பேர் வடத்தைப் பிடித்து 'ஐலசா' போட்டு, செருப்பு தேய இழுத்துச் செய்கிற வேலையை ஒரு கட்டைத் துண்டு சத்தமில்லாமல் செய்துவிடும். அதுவும் வடத்தைப் போல வழுக்காது, அறுந்து முகத்தில் அடிக்காது. ஒருமுறை இறங்கிய ஆப்பு உராய்வினாலேயே அங்கே நிற்கும். பச்சை மரம் வழவழப்பாக இருந்தால் வெளியே துப்பப் பார்க்கும் என்பதால்தான் ஒன்றுக்கு இரண்டாகப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது.

ஜாக்கி என்ற ஆபத்பாந்தவன்

ஆப்பால் தூக்க முடியாத கனத்துக்கு ஜாக்கி. அமெரிக்காவின் மேற்குக் கரையில் ரெட்வுட், டக்ளஸ் ஃபிர் மாதிரி ராட்சச மரங்களைச் சாய்ப்பதற்கென்றே ஜாக்கிகள் இருக்கின்றன. முதலில் திருகு ஜாக்கி வந்தது, பிறகு ஹைட்ராலிக். சரிவில் நிற்கும் மரம் பள்ளத்தை நோக்கி விழுந்தால் நொறுங்கி விலை போய்விடும். அதை மேட்டுப் பக்கம் சாய்த்தால் முழுசாகக் கிடைக்கும். மரத்தின் விலையைக் காப்பாற்றுவதற்கு அங்கே ஜாக்கி தேடினார்கள். இங்கே மனுஷனைக் காப்பாற்றுவதற்குக்கூட யாரும் தேடவில்லை.

"நாங்களும் ஜாக்கி வைக்கத்தானே செய்றோம்?" என்று யாராவது கேட்கலாம். லாரி ஜாக்கி. அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

3 டன் மரம். அதன் கனம் குவியும் இடம் கீலுக்குப் பின்னால் இரண்டு அடி தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். பெருக்கினால் 6. ஜாக்கி கீலிலிருந்து 20 அங்குலத்தில், அதாவது சுமார் 1.67 அடியில் நிற்கிறது. 6-ஐ 1.67-ஆல் வகுத்தால் ஜாக்கி கொடுக்க வேண்டிய விசை 3.6 டன். "நம்மகிட்ட 5 டன் ஜாக்கி இருக்கே, போதுமே!" என்றுதான் தோன்றும். காகிதத்தில் போதும். ஆனால் அந்த ஜாக்கியின் தலை ஓரங்குல விட்டம்தான் என்றால் அதன் பரப்பு 0.79 சதுர அங்குலம். 3.6 டன் அந்தச் சின்ன வட்டத்தின் மேல் உட்கார்ந்தால் சதுர அங்குலத்துக்கு நாலரை டன்னுக்கு மேல். பச்சை வேம்பு அதைத் தாங்காது. தலை மரத்துக்குள் குத்திக்கொண்டு இறங்கும். தூக்குகிற மாதிரி தெரியும், தூக்காது. அதே இடத்தில் நாலுக்கு நாலு அங்குலத்தில் தடித்த இரும்புத் தகடு ஒன்றை வைத்தால் அழுத்தம் சதுர அங்குலத்துக்குக் கால் டன்னுக்கும் கீழே இறங்கிவிடும். உயிருக்கும் சாவுக்கும் நடுவில் ஒரு தகடு. பழைய இரும்புக் கடையில் கிடைக்கும்.

அதோடு முடியவில்லை. லாரியைத் தூக்குவதற்குச் செய்த பாட்டில் ஜாக்கி நேராக நின்றால்தான் ஒழுங்காக வேலை செய்யும். மரம் சாயச் சாய அதன் தலையும் சாயும். ஒரு கட்டத்தில் எகிறி வெளியே தெறிக்கும். உள்ளே எண்ணெய் அடைப்பான் தேய்ந்திருந்தால் மெல்ல மெல்ல இறங்கும். தூக்கி வைத்த மரம் திரும்பப் பின்னால் வரும். அதனால்தான் ஜாக்கியைத் தனியாக நம்பக்கூடாது என்பது. ஜாக்கி கொஞ்சம் தூக்க வேண்டும், பக்கத்தில் இருக்கும் ஆப்பைக் கொஞ்சம் தட்ட வேண்டும். கொஞ்சம் அறுக்க வேண்டும், திரும்பக் கொஞ்சம் தூக்க வேண்டும். ஜாக்கி ஏமாற்றினாலும் ஆப்பு பிடித்துக்கொள்ளும். அவசரப்பட்டு ஜாக்கியை மட்டும் அழுத்திக்கொண்டே போனால் அது கீலைப் பிய்த்துவிடும், இல்லை அடிமரத்தைப் பிளந்துவிடும்.

ஆப்பும் ஜாக்கியும் உதவாத இடங்களும் உண்டு. உள்ளே பொத்தலாகிப்போன கிழ வேம்பும் புளியும் இதில் அடக்கம். சுத்தியலால் தட்டினால் 'டொக் டொக்' என்று காலிப் பானை மாதிரி சத்தம் வரும். அங்கே தூக்குவதற்குப் பிடிமானமே இல்லை, கீலும் நிற்காது. அந்த மாதிரி மரத்தைக் கிரேன் கட்டி மேலிருந்துதான் இறக்க வேண்டும். வெள்ளமோ புயலோ சாய்த்துப் போட்ட மரம் இன்னொரு வகை. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது இந்த மாவட்டத்துக்கு மறக்காது. மண் அப்படி ஊறிச் சரிந்த மரத்தின் தண்டை அறுத்த உடனே, பூமியிலிருந்து பெயர்ந்து நிற்கும் வேர்த்தட்டு திரும்பக் குழிக்குள் உட்காரப் பார்க்கும். பின்னால் நிற்கிறவர் அதோடு போவார். எந்த மரத்துக்கு எந்த முறை என்று பார்த்துச் சொல்லவும் ஆள் வேண்டும். "எல்லாம் மரம்தானே" என்பது அறிவு அல்ல.

பனை மரமா, புல்லா?

இந்தக் கடற்கரைக்கு வந்தால் மரம் என்றாலே பனைதான். அதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. வெளிப்பக்கம் வைரம் உள்ளதைப் புல் என்றும், உள்ளே வைரம் உள்ளதை மரம் என்றும் தொல்காப்பியத்தின் மரபியல் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் பனை புல் வகை. தாவரவியலும் இன்றைக்கு ஒருவித்திலைத் தாவரம் என்று பனையைப் புல்லின் பக்கத்தில்தான் வைக்கிறது. பனையின் வெளிவளையம் கோடாலி வாயை மழுக்குகிற அளவுக்குக் கடினம். நடுவில் சோறு மாதிரி மெத்து.

இலக்கணப் புத்தகத்துக்குத் தெரிந்த இந்த வித்தியாசம் வெட்டச் சொல்லிக் காசு கொடுக்கிறவருக்குத் தெரியாது. வேம்புக்குச் சொன்ன விதியை அப்படியே பனைக்குப் போட முடியாது. பனையில் கீல் விட்டாலும் அந்தக் கீலின் நடுப்பகுதி சோறு. இரண்டு ஓரமும்தான் பிடித்திருக்கும். ஓர் ஓரத்தை ஒரு அங்குலம் கூடுதலாக அறுத்துவிட்டால் மரம் அப்படியே முறுக்கிக்கொண்டு பக்கவாட்டில் போகும். ஒடுக்கமான ஆப்பு நடுச்சோற்றுக்குள் புதைந்து காணாமல் போகும். அகலமான ஆப்பு வேண்டும், அது கடினமான வெளிவளையத்தின் மேல் உட்கார வேண்டும், கூடவே உயரத்தில் கட்டிய வடமும் வேண்டும். வடம் மரத்தின் உயரத்தைவிட நீளமாக இருக்க வேண்டும் என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் கையில் இருக்கிற வடம் எவ்வளவோ அவ்வளவுதான் கட்டுவார்கள்.

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். 2021-ல் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அரசு ஆக்கியது. நல்ல விஷயம், யாரும் மறுக்கவில்லை. செங்கல் சூளைக்குப் போன பனைகளை எண்ணினால் வயிறு எரியும். ஆனால் பனையைப் பற்றிய எல்லாப் பேச்சும் வெட்டலாமா வேண்டாமா என்பதோடு நின்றுவிடுகிறது. வெட்டலாம் என்று முடிவான பிறகு அதன் அடியில் போய் நிற்கப்போவது ஒரு மனுஷன். அவரைப் பற்றி ஒரு வரியும் கிடையாது.

துறைமுகத்தின் கேட்டுக்கு உள்ளேயும் வெளியேயும்

இதே ஊரில்தான் துறைமுகமும் இருக்கிறது. 1974 ஜூலை 11-ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, 2011-ல் வ.உ.சிதம்பரனார் பெயர் பெற்ற துறைமுகம். அங்கே கப்பலில் வந்து இறங்கும் சரக்குகளில் வெளிநாட்டு மரத்தடிகளும் உண்டு. அந்தத் தடியைத் தூக்குகிற கிரேனுக்கும், சங்கிலிக்கும், கொக்கிக்கும் விதி இருக்கிறது. 1986-ல் கப்பல்துறைத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1990-ல் அதன் விதிமுறைகள் வந்தன. தூக்கும் கருவி எத்தனை டன் தாங்கும் என்று அதன் மேலேயே எழுதியிருக்க வேண்டும். தகுதியுள்ள ஒருவர் சோதித்துச் சான்று தர வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை முழுசாகப் பார்க்க வேண்டும். அதற்குப் பதிவேடு வேண்டும். அந்தச் சட்டம் இப்போது 2020-ம் ஆண்டின் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

கேட்டுக்கு வெளியே வாருங்கள். அதே 3 டன் மரம். கப்பலில் படுத்துக் கிடக்காமல் தெருவில் நின்றுகொண்டிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அதைத் தூக்குகிற ஜாக்கிக்குச் சான்று கேட்க ஆள் இல்லை. புதிய தொகுப்புச் சட்டம் பொதுவாகப் பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான். மரம் வெட்ட வருகிறவர்கள் நாலு பேர். பத்துக்கு ஆறு குறைவு. ஆறு ஆள் குறைந்தால் மரத்தின் கனமும் குறையுமா என்ன?

இதைவிட வேடிக்கை இழப்பீட்டில் இருக்கிறது. 1923-ம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் பனையில் பதநீர் இறக்குவதும் மரம் வெட்டுவதும் பெயர் சொல்லியே இடம்பெற்றிருந்தன. அந்தச் சட்டமும் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் இருக்கிறது. ஆக, இது ஆபத்தான வேலை என்பது அரசாங்கத்துக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. செத்தால் எவ்வளவு என்பதற்கு அட்டவணை உண்டு. சாகாமல் இருக்க என்ன வேண்டும் என்பதற்கு ஒரு ஆப்புகூட இல்லை. அந்த இழப்பீட்டையும் வாங்குவதற்குள் 'நீ யாரிடம் வேலை பார்த்தாய்' என்ற கேள்வியில் எல்லாரும் கழன்றுகொள்வார்கள். ஓனர் காண்ட்ராக்டரைக் காட்டுவார், காண்ட்ராக்டர் மேஸ்திரியைக் காட்டுவார், மேஸ்திரி வானத்தைக் காட்டுவார்.

மற்ற நாட்டில் மட்டும் மரம் மெத்து மெத்தென்று விழுகிறதா என்றால் இல்லை. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணக்கில் 2023-ல் மரம் வெட்டும் தொழிலில் ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 99 பேர் என்ற விகிதத்தில் இறந்தார்கள். எல்லாத் தொழிலையும் சேர்த்தால் அது 3.5 தான். இத்தனைக்கும் அங்கே தலைக்கவசம், பயிற்சி எல்லாம் உண்டு. நியூசிலாந்தில் 2013-ல் மட்டும் காட்டுவேலையில் 10 பேர் இறந்தார்கள். அந்தச் சின்ன நாடு அடுத்த வருஷமே தனியாக ஒரு விசாரணைக் குழு போட்டு, ஏன் என்று கேட்டது. பிரிட்டனில் தொழில்முறையில் செயின் ஷா பிடித்து மரத்தைத் தொடுகிறவர் அதற்கான பயிற்சி பெற்றிருக்க வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1998-லேயே காட்டுவேலைப் பாதுகாப்புக்கு ஒரு நடைமுறைக் கையேடு வெளியிட்டது. அங்கெல்லாம் கேள்வி 'ஏன் நடந்தது' என்பது. இங்கே பதில் முன்கூட்டியே தயாராக இருக்கும்: கவனக்குறைவு. செத்தவரின் கவனக்குறைவு. தகடு வாங்கிக் கொடுக்காதவரின் கவனம் குறையவே குறையாது, அது எப்போதும் பில்லின் மேலேயே இருக்கும்.

சால்ஜாப்புகள்

ஒன்று: "மரத்தை வெட்டவே கூடாதுங்கறோம், இதுல பாதுகாப்பா வெட்டச் சொல்லித் தர்றீங்களா?" மரங்களைக் காப்பாற்ற நினைப்பவர்கள் கோபப்படலாம். ஆனால் பட்டுப்போன வேம்பு பள்ளிக்கூடச் சுவர் மேல் சாய்ந்து நிற்கும்போது அது விழத்தான் போகிறது. தானாக விழுவதா, சொன்ன இடத்தில் விழுவதா என்பது மட்டும்தான் கேள்வி. குறி தவறி விழுகிற மரம் பக்கத்தில் நிற்கிற நல்ல மரத்தையும் முறித்துக்கொண்டுதான் விழும்.

இரண்டு: "நம்ம ஊர்ல மேல ஏறி, கிளை கிளையா வெட்டிக் கயித்துல இறக்குவோம். ஆப்பு எதுக்கு?" தெருவுக்குள் அதுதான் சரி. ஆனால் கடைசியில் பதினைந்து, இருபது அடிக்கு மொட்டையாக அடிமரம் நிற்கும். கனமெல்லாம் அதில்தான். 'வேலை முடிஞ்சுது' என்ற நினைப்பில் எல்லாரும் அசந்திருக்கும் நேரமும் அதுதான்.

மூன்று: "ஜேசிபி ஒரு தள்ளு தள்ளினா முடிஞ்சுது." அது மண் தோண்டச் செய்த வண்டி. பக்கெட் எட்டுகிற உயரத்தில்தான் தள்ளும். அதற்கு மேலே மரம் முறிந்தால் உச்சி கேபின் மேல் வரும். இதில் ஒருவர் கீழே அறுக்க, இன்னொருவர் மேலே தள்ள, அறுக்கிறவருக்கு இஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்காது, தள்ளுகிறவருக்குப் பக்கெட்டைத் தாண்டி எதுவும் தெரியாது. இதற்குப் பெயர் வேகமா?

நாலு: "செலவு கூடும்." வாருங்கள், இதுதான் நம்ம சப்ஜெக்ட். உறுதியான கட்டையில் ஆப்பு சீவ ஒரு தச்சருக்கு அரை மணி நேரம் போதும். தகடு பழைய இரும்பு விலை. வேலை நேரத்தில் ஒரு மணி நேரம் கூடலாம். இதைச் செலவு என்று எழுதுகிறவர்கள், இதை வைக்காததால் வரும் நஷ்டத்தை எந்தப் பக்கத்தில் எழுதுகிறார்கள்? எழுதுவதே இல்லை. ஏனென்றால் அந்த நஷ்டம் அவர்களுடைய லெட்ஜரில் வராது. ஒரு குடும்பத்தின் லெட்ஜரில் வரும். பல இடங்களில் "கூலி கிடையாது, மரத்தை எடுத்துக்கிடுங்க" என்றுதான் பேச்சே. விறகு விலையில் ஆள் கூலி, மெஷின் பெட்ரோல், வண்டி வாடகை எல்லாம் போக வேண்டும் என்றால், முதலில் வெட்டு விழுவது ஆப்புக்கும் தகட்டுக்கும்தான். குறைந்த விலை சொன்னவருக்கே டெண்டர் என்றால், பாதுகாப்பை யார் அதிகம் விட்டுக்கொடுத்தாரோ அவருக்கே டெண்டர் என்று அர்த்தம். ஓசியில் மரம் வெட்டிக்கொண்டதாக ஓனர் சந்தோஷப்படுகிறார். ஓசி இல்லை சார். பிரீமியம் கட்டாத இன்சூரன்ஸ் அது, அடுத்தவர் உயிரை வைத்து.

என்ன செய்யலாம்?

திட்டினால் மட்டும் போதாது என்பதால், பெரிய பட்ஜெட் இல்லாமல் நாளைக்கே செய்யக்கூடியவை:

1. மாநகராட்சியோ நெடுஞ்சாலையோ மரம் அகற்ற டெண்டர் விடும்போது ஆப்பு, ஜாக்கி, தகடு, வடம், தலைக்கவசம் இவற்றுக்குத் தனி வரி, தனித் தொகை. அந்த வரியில் போட்டி விலை கேட்கக்கூடாது. ஏலத்தில் குறைக்க முடியாததாக அது இருக்க வேண்டும்.

2. பனைக்கு அனுமதி தரும் கடிதத்திலேயே யார் சாய்க்கப் போகிறார், எந்தப் பக்கம், என்ன கருவி என்ற மூன்று கேள்விக்கும் பதில் இருக்க வேண்டும்.

3. மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்குள், அறுக்கிறவரையும் துணையாளையும் தவிர ஒரு ஈ காக்கை இருக்கக்கூடாது. வேடிக்கை பார்க்கிறவர் வடத்தில் கை வைக்கக்கூடாது. அறுக்கிறவருக்குப் பின்பக்கம் சாய்வாக இரண்டு ஓடுவழிகளை முதலிலேயே சுத்தம் செய்துவிட்டுத்தான் மெஷினை ஸ்டார்ட் பண்ண வேண்டும்.

4. வல்லநாடு பக்கத்தில் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி இருக்கிறது. பனை ஆராய்ச்சி நடக்கிற இடம். பனை வளர்க்கச் சொல்லித் தருகிற இடத்தில் மூன்று நாள், பனையையும் மற்ற மரங்களையும் ஆபத்தில்லாமல் சாய்க்கவும் சொல்லித் தரலாம். படிப்பு வேண்டாம், எழுத்து வேண்டாம். பின்வெட்டில் ஆப்பு எப்போது என்று கைக்குத் தெரிந்தால் போதும். வருகிறவருக்கு அந்த மூன்று நாள் கூலியும் கொடுத்தால்தான் வருவார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

5. ஒவ்வொரு மரத்துக்கும் அறுக்காத, இழுக்காத ஒரு ஆள். அவர் வேலை உச்சியைப் பார்ப்பது மட்டும்.

இந்த ஐந்தாவதைக் கேட்டால் உடனே சிரிப்பார்கள். "சும்மா நிக்க ஒரு ஆளுக்குக் கூலியா?" முத்துக்குளித்த கடற்கரையில் நின்றுகொண்டு இதைக் கேட்கக்கூடாது. தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-ல். அதுவரை கல்லைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கியவர் ஒவ்வொருவருக்கும் தோணியில் ஒரு ஆள் இருந்தார். கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் அவர் வேலை. கீழே இருந்து ஒரு சின்ன அசைவு வந்தாலும் இழுத்துவிட வேண்டும். அந்தக் கயிறு மச்சான் கையில்தான் இருக்க வேண்டும் என்று இந்தப் பக்கம் சொல்வார்கள். கூடப்பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது, அதனால் அவன் அசரமாட்டான் என்று. அவருக்குச் 'சும்மா இருக்கிற ஆள்' என்று யாரும் கூலியைக் குறைக்கவில்லை. மூழ்குகிறவர் உயிர் கரையில் இருக்கிறவர் கவனத்தில் இருக்கிறது என்று தெரிந்துவைத்திருந்தார்கள்.

மரத்தடியில் குனிந்து அறுக்கிறவரும் அதே நிலையில்தான் இருக்கிறார். மெஷின் சத்தத்தில் காது கேட்காது, குனிந்த கண்ணுக்கு உச்சி தெரியாது. மேலே ஒரு காய்ந்த கிளை ஆடுகிறதா, வெட்டு வாய் திறக்கிறதா மூடுகிறதா, மரம் நினைத்த பக்கம்தான் அசைகிறதா என்று பார்த்து முதுகில் தட்டிச் சொல்ல அவருக்கும் ஒரு மச்சான் வேண்டாமா?

அனுபவம் பெரிய விஷயம்தான். முப்பது வருஷம் மரம் வெட்டியவரின் கண் எந்தப் புத்தகத்திலும் இல்லாததைப் பார்க்கும். ஆனால் முப்பது வருஷ அனுபவம் 3 டன்னைத் தூக்காது. தூக்குவதற்குக் கருவி வேண்டும். அந்தக் கருவியைக் கூலிக்குள் சேர்த்துக் கொடுக்க வேண்டியது வெட்டுகிறவர் அல்ல, வெட்டச் சொல்கிறவர். கருவி இல்லாமல் வேலை சொல்லிவிட்டு, அப்புறம் வீரத்தைப் பாராட்டுவது நல்ல தந்திரம். பாராட்டுக்குக் காசு கிடையாதே.

அடுத்த தடவை வீட்டுக் கொல்லையில் நிற்கும் வேம்பைச் சாய்க்க ஆள் வரும்போது, "எவ்வளவுக்கு முடிப்பீங்க?" என்று கேட்பதற்கு முன்னால் வேறொரு கேள்வி இருக்கிறது.

"ஆப்பு கொண்டு வந்திருக்கீங்களா அண்ணாச்சி? இல்லன்னா சொல்லுங்க, வாங்கிருவோம்."

டிஸ்கி: மேலே உள்ள கணக்குகள் புரிவதற்காகச் சொன்னவை. இதைப் படித்துவிட்டு லாரி ஜாக்கியோடு கொல்லைப்பக்கம் கிளம்ப வேண்டாம். குரங்கு கதையை முதல் பாராவிலேயே சொல்லியாச்சு.